கற்பாறைச் செடியொன்றின் வாழ்விட எல்லை: டயமோர்பா பற்றிய ஒரு நோக்கு

ஒரு தாவரம் எவ்விடத்தில் மிகுந்து காணப்படுகின்றதோ அவ்விடமே அதற்கு மிக உகந்தது என்று கொள்வது பொதுவழக்கு. கள்ளி வறட்சியை விரும்புகின்றது என்றும், கண்டல் உவர்நிலத்தை விரும்புகின்றது என்றும் நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். ஆனால், ஒரு செடி ஓரிடத்திற் காணப்படுவது நேரிற் கண்டறியத்தக்க செய்தி. அது அவ்விடத்தை விரும்புகின்றது என்பது அச்செய்திக்கு நாம் கற்பிக்கும் காரணம். முன்னையதிலிருந்து பின்னையதை நேரே பெற்றுவிட முடியாது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டவல்ல ஒரு சிறு செடியைப் பற்றி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குப் பகுதியில், சிறப்பாக ஜோர்ஜியா மாநிலத்தில், மண்போர்வையற்ற பெருங் கருங்கற்பாறைகளின்மீது வளரும் அச்செடி டயமோர்பா ஸ்மோலியை என்னும் பெயருடையது. செடம் என்னும் பேரினத்தோடு சேர்த்து இதனைச் செடம் ஸ்மோலியை என வழங்குவோரும் உளர். இச்சிற்றினப் பெயர், அப்பகுதித் தாவரங்களை விரிவாக ஆராய்ந்த ஜோன் குங்கல் ஸ்மோல் என்னும் தாவரவியலாளரை நினைவூட்டுவது. செடி விரலளவே உயரமுடையது. சதைப்பற்றுள்ள அதன் இலைகள் குளிர்காலத்திலும் இளவேனிலிலும் செந்நிறமாகத் தோன்றும். பல்லாயிரஞ் செடிகள் நெருங்கி வளர்வதால், பாறைமீது செங்கம்பளம் விரித்தாற்போன்ற தோற்றம் உண்டாகும். அதன்மேல் வெண்ணிறச் சிறு மலர்கள் பூக்கும்.

பாறையும் மண்ணும்

ஜோர்ஜியாவின் ஸ்ரோன் மலை, அரேபியா மலை, பனோலா மலை ஆகியன இச்செடிக்குப் பெயர்பெற்ற இடங்கள். அரேபியா என்ற பெயர் இருப்பினும் அம்மலைக்கு அந்நாட்டோடு தொடர்பில்லை. இவற்றுள் ஸ்ரோன் மலையின் கருங்கல் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்தினடியிற் குழம்பாகப் புகுந்து இறுகியது. பின்னர் மேலிருந்த படைகள் காலப்போக்கில் அரிக்கப்பட்டமையால் பாறை வெளிப்பட்டது.

இப்பாறைகளின் மேற்பரப்பு முற்றிலும் ஒப்புரவானதன்று. மழைநீர் தேங்கிப் பாறையைச் சிறிது சிறிதாகச் சிதைத்தமையால், தட்டையான அடியுடைய ஆழமற்ற குழிகள் ஆங்காங்கே தோன்றியுள்ளன. பாறைத் துகள்களும் பாசி, இலைக்கன் முதலியவற்றின் எச்சங்களும் இக்குழிகளிற் சேர்ந்து மண்ணாகின்றன. குழியின் நடுவில் மண் சற்று ஆழமாகவும் விளிம்பில் மிகக் குறைவாகவும் இருக்கும். டயமோர்பா வளர்வது பெரும்பாலும் 10 சென்ரிமீற்றருக்கும் குறைந்த ஆழமுடைய மண்ணிலேயாகும். இரண்டு மூன்று சென்ரிமீற்றரே ஆழமுள்ள மண்ணிலும் அதனைக் காணலாம்.

இத்தகைய மண்ணின் குறைபாடு வறட்சி மட்டுமன்று. அடியிலுள்ள பாறை நீரை உட்புகவிடாது. ஆகையால், குளிர்கால மழையின்போது மண் நீரில் ஊறிக் கிடக்கும். மழை நின்று வெயில் எறித்தாற் சில நாட்களுள் முற்றாக உலர்ந்துவிடும். கோடையிற் பாறைப் பரப்பின் வெப்பநிலை 50 பாகை செல்சியசையும் எட்டுவதுண்டு. போசணைப் பொருள்களும் சொற்பமே. வெள்ளமும் வறட்சியும் ஒரே கைப்பிடி மண்ணில் மாறி மாறி நிகழும் இடம் இது.

சதைப்பற்றும் அதன் வரம்பும்

டயமோர்பா கிராசுலேசியே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. நம்மிடையே நன்கறியப்பட்ட, இலை விளிம்பிலிருந்தே புதுச்செடி முளைக்கும் ரணகள்ளியும் இக்குடும்பத்தினதே. இக்குடும்பத்தின் பெயரைத் தாவர உடற்றொழிலியலில் நிலைபெறச் செய்த பெருமை ரணகள்ளிக்கே பெரிதும் உரியது. சென்னை மாகாணத்திற் பணிபுரிந்த பெஞ்சமின் ஹெய்ன் என்னும் தாவரவியலாளர், அதன் இலை காலையிற் புளிப்பாகவும் பின்னர் பகல் ஏற ஏறச் சுவையற்றதாகவும் மாறுவதைத் தம் நாவினால் அறிந்தார். அவர் எழுதிய குறிப்பு 1815இல் இலண்டன் இலினேயன் கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது.

இச்சுவை மாற்றத்தின் காரணம் பிற்காலத்திலேயே விளங்கிற்று. பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை உட்கொள்கின்றன. அவ்வேளையில் அவற்றின் நீர் ஆவியாக வெளியேறுகின்றது. இக்குடும்பத்தின் பல இனங்களோ இரவின் குளிர்ச்சியில் இலைவாய்களைத் திறந்து, உட்கொண்ட காபனீரொட்சைட்டை மலிக்கமிலமாகக் கலங்களின் புன்வெற்றிடங்களிற் சேமிக்கின்றன. பகலில் இலைவாய்களை மூடியவாறே அவ்வமிலத்திலிருந்து காபனீரொட்சைட்டை மீண்டும் பெற்று ஒளித்தொகுப்பு நடத்துகின்றன. இவ்வாறு நீரிழப்பு வெகுவாகக் குறைகின்றது. இம்முறைக்குக் கிராசுலேசிய அமில அனுசேபம் என்று பெயர்.

இக்குடும்பத்தைச் சேர்ந்த செடியொன்று பாறைமீது வளர்வதைக் கண்டவர், அது வறட்சியை வெல்லப் பிறந்தது என்று உடனே முடிவுசெய்தல் இயல்பே. ஆனால், டயமோர்பாவின் வாழ்க்கை வட்டத்தை நோக்குமிடத்து அம்முடிவு பொருந்தாமை புலனாகும். சதைப்பற்றுள்ள இலை, மழையற்ற சில நாட்களைத் தாண்ட உதவலாம். கோடை முழுவதையும் தாண்ட உதவாது. இரண்டு சென்ரிமீற்றர் மண்ணில் நீண்டகாலச் சேமிப்பிற்கு வேண்டிய நீரே கிடையாது. எனவே, இச்செடி கோடையை எதிர்த்து நிற்பதில்லை. கோடை வருமுன்னரே தன் வாழ்வை முடித்துக்கொள்கின்றது.

காலமே காப்பு

டயமோர்பா ஓர் ஆண்டுத் தாவரம். அதிலும் குளிர்கால ஆண்டுத் தாவரம். இலையுதிர்காலத்தில் மழை தொடங்கியதும் வித்துகள் முளைக்கின்றன. குளிர்காலம் முழுவதும் செடி நிலத்தோடு ஒட்டிய சிறு இலையடுக்காக இருக்கும். அக்காலத்தில் ஒளி நிரம்பவும் நீர் போதுமானவாறும் கிடைக்கின்றன. இலைகளின் செந்நிறம் அந்தோசயனின் என்னும் நிறப்பொருளால் ஏற்படுவது. குளிரும் கடும் ஒளியும் ஒருங்கே தாக்கும்போது இந்நிறப்பொருள் இலைக்கு ஓரளவு காப்பளிப்பதாகக் கருதப்படுகின்றது. மார்ச்சு இறுதியிலும் ஏப்பிரலிலும் செடி பூக்கின்றது. கோடையின் தொடக்கத்திற் காய்த்து மடிகின்றது.

மடிந்த பின்னரும் அதன் பணி முடிவதில்லை. உலர்ந்த தண்டுகள் நிமிர்ந்தவாறே நிற்கும். பழங்களில் எஞ்சிய நுண்ணிய வித்துகள், கொதிக்கும் பாறைப் பரப்பினின்று சற்று உயரத்தில், கோடை முழுவதும் காக்கப்படுகின்றன. புதிதாக முதிர்ந்த வித்துகள் உடனே முளைப்பதில்லை. கோடை வெப்பத்தினூடாக உறங்குநிலை நீங்கிய பின்னரே, இலையுதிர்காலக் குளிர்ச்சியில் முளைக்கும் ஆற்றல் பெறுகின்றன. கோடையில் எதிர்பாராது பெய்யும் ஒரு மழையை நம்பி முளைத்து அடுத்த வாரமே கருகிப்போகும் இடர் இதனாற் பெரிதும் குறைகின்றது. வறட்சியைத் தாங்குவது செடியன்று, வித்தே என்பது இங்கு நோக்கற்பாலது.

எறும்பின் பணி

இச்செடியின் மகரந்தச்சேர்க்கையும் தனிக் கவனத்திற்குரியது. மலருக்கு நான்கு அல்லியிதழ்கள், எட்டுக் கேசரங்கள், நான்கு சூல்வித்திலைகள் உள. தன் மகரந்தத்தால் தான் கருக்கட்டும் இயல்பு இதற்கில்லை. பிற செடியின் மகரந்தம் வந்தாக வேண்டும். மலரோ மிகச் சிறியது. தேனும் மிகச் சொற்பம். வண்டுகளும் தேனீக்களும் பறந்துவரச் செலவிடும் சத்திக்கு இத்தேன் எளிதில் ஈடாகாது.

இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்வன எறும்புகள். றொபேட் வையற் என்னும் தாவரவியலாளர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், போர்மிக்கா பேரினத்தைச் சேர்ந்த எறும்புகள் டயமோர்பாவின் மகரந்தத்தைச் செடிக்குச் செடி எடுத்துச் செல்வதை எடுத்துக்காட்டினார். எறும்புகள் பொதுவாகச் சிறந்த மகரந்தக் காவிகள் அல்ல. அவற்றின் உடல் வழுவழுப்பானது. அவை நடந்தே செல்வதால் நெடுந்தூரம் போவதில்லை. பல எறும்பினங்களின் உடற்சுரப்பு மகரந்தத்தின் உயிர்த்திறனையும் கெடுக்கவல்லது. ஆயினும் செடிகள் குள்ளமாகவும் நெருக்கமாகவும் வளர்ந்து, ஒரே காலத்திற் பூக்குமிடத்து, நடந்து செல்லும் எறும்புக்கு ஒரு செடியிலிருந்து மற்றதற்குத் தாவுவது எளிதாகின்றது. சத்திச் செலவு குறைந்த இத்தகைய ஏற்பாடு வேறொரு தாவரத்தில் நிகழ்வதை ஹிக்மன் என்பவர் 1974இல் விளக்கியிருந்தார்.

எறும்பு பெரும்பாலும் அடுத்துள்ள செடிக்கே செல்வதால் மகரந்தமும் சிறு தூரமே செல்கின்றது. ஆகவே, டயமோர்பாவிற்கு நெருக்கம் என்பது வெறுங் காட்சிச் சிறப்பன்று; அதன் இனப்பெருக்கம் அந்நெருக்கத்தைச் சார்ந்தே நடைபெறுகின்றது. இக்கருத்து பாதுகாப்பைப் பற்றிப் பேசுமிடத்து மீண்டும் வேண்டப்படும்.

எல்லையை வகுப்பது எது?

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வரலாம். பாறைக் குழியொன்றில் தாவரங்கள் வளையங்களாக அமைந்திருக்கும். மண் மிகக் குறைந்த விளிம்பில் டயமோர்பா. அதற்கு உட்புறம், சற்று ஆழமான மண்ணில், மினுவார்சியா யூனிபுளோரா என்னும் மற்றோர் ஆண்டுத் தாவரம். நடுவில், இன்னும் ஆழமான மண்ணில், செனீசியோ தொமென்ரோசஸ் போன்ற பல்லாண்டுத் தாவரங்கள். இவ்வளையங்களை முதன்முறை காண்போர், ஒவ்வோரினமும் தனக்குப் பிடித்த ஆழத்தைத் தேர்ந்துகொண்டுள்ளது என்றே எண்ணுவர்.

றெபேக்கா சாரிற்ஸ், பிராங்க் மக்கோமிக் ஆகிய இருவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தைச் சோதனைக்கு உட்படுத்திற்று. டயமோர்பாவையும் மினுவார்சியாவையும் வெவ்வேறு மண்ணாழங்களிலும் ஈர நிலைகளிலும் தனித்தனியாகவும் சேர்த்தும் வளர்த்து அவர்கள் ஒப்பிட்டனர். தனித்து வளர்க்கப்பட்ட டயமோர்பா, ஆழம் கூடிய ஈரமான மண்ணிலும் நன்கு வளர்ந்தது. ஆழமற்ற மண் அதற்கு இன்றியமையாத தேவையன்று என்பது இதனாற் பெறப்பட்டது. ஆனால், மினுவார்சியா உடன் வளர்ந்தபோது, ஆழமான மண்ணில் டயமோர்பா பின்தள்ளப்பட்டது. ஆழமற்ற மண்ணிலோ நிலைமை வேறு. அங்கு நிலவும் வறட்சியை மினுவார்சியாவினால் டயமோர்பா அளவிற்குத் தாங்க முடியவில்லை. எனவே, விளிம்பு டயமோர்பாவிற்கு எஞ்சியது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு எளிமையானது, ஆயினும் ஆழமானது. டயமோர்பாவின் இரு எல்லைகளும் ஒரே காரணத்தால் வகுக்கப்பட்டவையல்ல. மண் குறைந்துசெல்லும் பக்கத்தில் அதன் எல்லையை வகுப்பது வறட்சி, அதாவது பௌதிகச் சூழல். மண் மிகுந்துசெல்லும் பக்கத்தில் அதன் எல்லையை வகுப்பது அயலிலுள்ள மற்றோர் உயிர். மினுவார்சியாவிற்கும் இதே நிலைமைதான்: விளிம்பை நோக்கிச் செல்லவிடாது தடுப்பது வறட்சி; நடுவை நோக்கிச் செல்லவிடாது தடுப்பன உயரமாக வளரும் பல்லாண்டுத் தாவரங்கள்.

இவ்வகைச் சிந்தனைக்கு முன்னோடிகள் உண்டு. ரான்சிலி என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர், அமில மண்ணிலும் சுண்ண மண்ணிலும் முறையே காணப்படும் இரு கலியம் இனங்களை எடுத்து 1917இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். தனித்து விடப்பட்டபோது இரண்டும் இருவகை மண்ணிலும் வாழக்கூடியனவாகவே இருந்தன. சேர்த்து வளர்த்தபோதே ஒவ்வொன்றும் தனக்குரிய மண்ணில் மற்றதை வென்றது. பின்னர் 1957இல் ஹச்சின்சன் என்பார், ஓர் உயிரினம் வாழவல்ல எல்லையினையும் அது பிற உயிரினங்களின் நடுவில் மெய்யாக வாழும் எல்லையினையும் வேறுபடுத்திக் கோட்பாடாக வகுத்தார். முன்னையது பரந்தது, பின்னையது பெரும்பாலும் அதனுட் சுருங்கியது. பாறைக் குழியின் வளையங்கள் இக்கோட்பாட்டிற்கு வாய்த்த சிறந்த எடுத்துக்காட்டாகும்.

டயமோர்பா ஆழமான மண்ணில் ஏன் தோற்கின்றது? விளிம்பில் அதனைக் காக்கும் அதே பண்புகளே இங்கு அதன் குறைகளாகின்றன. குள்ளமான உடல் சிறிது நீரோடு வாழ உதவுகின்றது. ஆனால், அயற்செடி சற்றே உயர்ந்து நிழல் விழுத்தினால் அதனைத் தாண்டி வளர இயலாது. ஓராண்டில் வாழ்வை முடித்தல் கோடையைத் தவிர்க்க உதவுகின்றது. ஆனால், ஆண்டுதோறும் வித்திலிருந்தே தொடங்கவேண்டியிருப்பதால், வேரூன்றிய பல்லாண்டுத் தாவரத்திடம் இடத்தை இழக்க நேரிடுகின்றது. எல்லா நிலைமைகளிலும் மேம்பட்ட இசைவாக்கம் என ஒன்று இல்லை. இயற்கைத் தேர்வு ஒரு திறனை வளர்க்குமிடத்து மற்றொரு திறன் பெரும்பாலும் விலையாகக் கொடுக்கப்படுகின்றது.

இவ்விளக்கத்தின் வரம்பு

இங்கு இரு தவறுகளைத் தவிர்த்தல் வேண்டும். முதலாவது, டயமோர்பாவை வெறுமனே துரத்தப்பட்ட செடியாகக் கருதுதல். அதன் வித்தின் உறக்கமும், பூக்கும் காலமும், வறட்சி தாங்கும் ஆற்றலும் நெடுங்காலக் கூர்ப்பின் பயன்கள். பிற செடிகளை அகற்றிவிட்டாற்கூட அது காட்டிலும் வயலிலும் பரவிவிடும் என்பதற்கு இவ்வாய்வுகள் சான்றாகா. அது பாறைக்கு இசைவுற்றது என்பதும், அவ்விசைவு அதன் விருப்பத்திற்குச் சான்றன்று என்பதும் ஒருங்கே உண்மை.

இரண்டாவது, இயற்கையில் நிகழும் போட்டியைச் சமுதாயத்திற்கு அவ்வாறே பொருத்துதல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அவ்வாறு பொருத்தியோர், ஏற்றத்தாழ்வை இயற்கை நியதியாகக் காட்ட முயன்றனர். செடிகளின் எல்லைகள் மண்ணாலும் நிழலாலும் வகுக்கப்படுவன, மனிதரின் எல்லைகள் சட்டத்தாலும் சொத்துடைமையாலும் அதிகாரத்தாலும் வகுக்கப்படுவன, ஆகையால் மாற்றத்தக்கன. டயமோர்பா இன்னொரு வகையில் நமக்குப் பயன்படுகின்றது. அது சமுதாயத்திற்கு உவமையாகாது. ஆனால், ஒரு தவறான வாதமுறையை இனங்காண உதவும். வறிய நிலத்தில் வாழ்வோரைக் கண்டு, அவர்கள் அதற்கே பழகியவர்கள், அதற்கே உரியவர்கள் என்று கூறும் வாதம், அவர்கள் அங்கு இருத்தலை மட்டுமே சான்றாகக் கொள்கின்றது. அவ்வாறு கூறுவோர், வேறிடத்திற்கு வழி திறந்திருந்ததா என்ற வினாவை எழுப்புவதில்லை. ஒரு செடியைப் பற்றிய முடிவுக்கே சோதனை வேண்டுமெனின், மக்களைப் பற்றிய முடிவுக்கு எவ்வளவு ஆய்வு வேண்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இப்பாறைகளே அவ்வரலாற்றிற்குச் சான்று பகர்வன. 1915இல் கூ குளுக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறி அமைப்பு மீளத் தோற்றுவிக்கப்பட்டது ஸ்ரோன் மலையின் உச்சியிலேயாகும். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் தலைவர் மூவரின் உருவங்கள் அம்மலையின் பக்கத்திற் செதுக்கப்பட்டு 1972இல் நிறைவெய்தின. மார்ட்டின் லூதர் கிங் 1963இல் வாசிங்டனில் ஆற்றிய உரையில் விடுதலை ஒலிக்க வேண்டிய இடங்களுள் ஒன்றாக ஸ்ரோன் மலையைப் பெயர் சுட்டிக் கூறியமை இப்பின்னணியிலேயே விளங்கும்.

பாதுகாப்பு

கடினமான இடத்தில் வாழும் செடி எதனையும் தாங்கும் என்ற எண்ணமும் மேற்கூறிய தவற்றின் மற்றொரு வடிவமே. டயமோர்பா தாங்குவது வறட்சியை, மனிதரின் காலடியையன்று. இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மண் சேர்வதற்கு மிக நீண்ட காலம் சென்றிருக்கும். அதனை ஒரு நாளின் நடமாட்டமோ வண்டிச் சக்கரமோ கலைத்துவிடலாம். கலைந்த மண்ணை அடுத்த மழை பாறையினின்று கழுவிச் செல்லும். செடிகளின் நெருக்கம் குறைந்தால், நடந்து செல்லும் எறும்பு மகரந்தத்தைக் கொண்டுசேர்ப்பதும் கடினமாகும். உலர்ந்து நிற்கும் கோடைத் தண்டுகள் பார்வைக்குக் குப்பையாகத் தோன்றலாம்; அடுத்த ஆண்டுத் தலைமுறை அவற்றிலேயே தங்கியுள்ளது.

கல்லகழ்தல் இன்னும் பெருங் கேடு விளைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இப்பகுதியின் பல பாறைகள் கட்டடக் கல்லுக்காக உடைக்கப்பட்டன. அரேபியா மலையில் அகழ்வுத் தழும்புகளை இன்றும் காணலாம். டயமோர்பா ஜோர்ஜியாவில் இன்னும் மிகுதியாகவே வளர்கின்றது. ஆனால், அதே பாறைகளின் குழிகளில் வாழும் பிற தாவரங்களின் நிலை அத்தகையதன்று. பருவக் குட்டைகளில் வளரும் ஐசோயிற்றிஸ் இனங்கள் இரண்டும் அம்பியாந்தஸ் பூசிலஸ் என்னும் நீர்த்தாவரமும் 1988இல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் இடருற்ற இனங்கள் சட்டத்தின் காப்பிற்குள் கொண்டுவரப்பட்டன. பனோலா மலை 1980இல் தேசிய இயற்கைச் சின்னமாகவும், அரேபியா மலைப் பகுதி 2006இல் தேசிய மரபுரிமைப் பகுதியாகவும் ஏற்கப்பட்டன.

இத்தகைய இனங்களைப் பாறையினின்று பெயர்த்து நல்ல மண்ணுள்ள தோட்டத்தில் வைத்துக் காக்கலாம் என்று கூறுவோர் மேற்கூறிய சோதனையை நினைவுகொள்ள வேண்டும். நல்ல மண்ணில் டயமோர்பா வளரும். ஆனால், தோட்டக்காரர் களை பிடுங்கும் வரைதான் வளரும். மனிதக் கையின் துணையின்றி அது தலைமுறை தலைமுறையாக நிலைபெறவல்ல இடம் பாறையின் விளிம்பே. அவ்விடம் அதன் விருப்பத்திற்குரியதா என்பது பொருளற்ற வினா. அது அழியுமாயின் அச்செடிக்கு ஒதுங்க வேறிடமில்லை என்பதே பாதுகாப்பிற்குப் போதுமான காரணமாகும்.